ஆணி இருந்த பலகை

பேரையூர் ரோட்டை அகலமாக்க
ஏலத்தில் விட்ட புளிகளில்
நாற்பத்தேழாம் நம்பர் ஒச்சம்மாளுக்கு.
அடிமரம் மட்டும் பதினோரடி.
தூக்கிவைக்கக் கிரேன்காரன் கேட்ட கூலியில்
பாதிக்கு நான் வந்தேன்.

அதுதான் என் தொழில்.
மரம் மில்லுக்குப் போகாது,
மில் மரத்துக்குப் போகும்.
டிராக்டருக்குப் பின்னால்
இரண்டு தண்டவாளம், ஒரு பெட்ரோல் என்ஜின்,
பெல்ட் போலச் சுற்றும் ஒன்றேகால் அங்குல வாள்,
இன்னும் பதினாறு தவணை.

கட்டையை உருட்டி ஏற்றுமுன்
இரும்பு தேடும் கருவியால் தடவினேன்.
ரோட்டோரப் புளி என்றால் சும்மாவா.
டியூட்டோரியல், மூலம் பவுத்திரம் வைத்தியசாலை,
மூன்று கட்சி, ஒரு கண்ணீர் அஞ்சலி.
மொக்கராசு பிடுங்கிய ஆணிகள்
ஒரு சிரட்டை நிறைய.
நாலு விரல் ஆழத்துக்குக் கீழே
கருவிக்குக் கண் தெரியாது.

முதல் சீவலில் பட்டை கழன்றது.
அடுத்ததில் வெள்ளை.
கேனிலிருந்து வாள்மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட
ஈர மரத்தூள்
புட்டுமாவாய்க் கால்மேல் கொட்டியது.
ஐந்தாவது பலகையில் வைரம்,
ஆட்டு ஈரல் நிறத்தில்.
என்ஜின் ஒரு சுதி இறங்கிற்று.
ஏழாவதில்
கிறீச்.

பொறி பறந்து, வாள் அறுந்து,
காப்புத் தகட்டுக்குள் சுருண்டு கிடந்தது.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதவில்லை.

புது வாள் மாட்டி அரை அங்குலம் உயர்த்தி
அந்த அடுக்கை மட்டும் சீவி எடுத்தோம்.
போர்டு அடிக்கிற ஆணி இல்லை.
கொல்லன் காய்ச்சி அடித்த சதுர ஆணி.
அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு
மரம் கருநீலம்.
புளியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால்
மை கவிழ்ந்த மாதிரி ஆகும்,
வேறொன்றுமில்லை.

"முடி ஏதும் ஒட்டியிருக்கா பாருங்க."
டீ கொண்டுவந்த ஒச்சம்மாள்
தூக்குச்சட்டியைக் கீழே வைக்கவில்லை.
"உச்சி முடியக் கத்தையாப் பிடிச்சு
ஆணியில சுத்தி அடிப்பான் பூசாரி.
அப்புறந்தான் அறுத்து விடுவான்."

யாருக்கு என்று கேட்டான் மொக்கராசு.
கேட்டிருக்க வேண்டாம்.

"எனக்குத்தான். பத்தொம்பது வயசுல.
பேயெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி.
கட்டிக்கச் சொன்ன எடம் பிடிக்கல,
சோறு எறங்கல."

முடி இல்லை.
இந்த ரோட்டில் இருநூறு புளி நின்றது,
இது வேறு எவளுக்கு அடித்ததோ,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள்
"வளையம் எண்ணினா வருசம் தெரியுமாமே" என்றாள்.
தேக்கில் தெரியும்,
புளியில் அவ்வளவு துலக்கமாக இருக்காது என்றேன்.
குனிந்து, நகத்தைக் கோடு கோடாக நகர்த்தி
ஆணியிலிருந்து பட்டை ஓரம் வரை எண்ணினாள்.
நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
மறுபடி முதலிலிருந்து.
எத்தனை என்று சொல்லவில்லை.

செக்கானூரணி மெஸ்ஸுக்குப்
பரோட்டாப் பலகை இரண்டு,
கறி வெட்டும் கட்டை மூன்று,
மிச்சம் பெஞ்சுக்கு. இது ஏற்கெனவே போட்ட கணக்கு.
கறைப் பலகையைக் கழித்துவிடவா என்றேன்.
"அது கல்லா மேசைக்கு."

"வாளு என்ன வெல?"
சொன்னேன்.
"எங்கப்பா பூசாரிக்குக் குடுத்தது
நூத்தியொண்ணும் ஒரு சேவலும்."
இரண்டாயிரத்தை எண்ணி நீட்டி
மீதி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாயும் வெயிலில் பலகைகளை அடுக்கினோம்,
ஒவ்வொன்றுக்கும் இடையில் அங்குலக் குச்சி,
வெட்டுமுகம் வெடிக்காமலிருக்க
மெஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்,
மேலே பாரத்துக்கு உடைந்த மைல்கல்.
ஒரு வருசம் காய வேண்டும்,
அவசரப்பட்டால் முறுக்கிக்கொள்ளும் என்றேன்.
"எனக்கென்ன அவசரம்" என்று
தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துப் போனாள்.

சதுர ஆணியை மொக்கராசு
சிரட்டைக்குள் போட்டான்.
பழைய இரும்பு
கிலோ முப்பது.